எத்தனை அடியில் மடை?

திங்கள், லோயர் கேம்ப்

மதுரையில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் எங்கிருந்து, யார் யாரைத் தாண்டி வருகிறது என்று அதன் வழியிலேயே வந்து பார்த்துவிடுவது என்று கிளம்பியிருக்கிறோம். கூட வருபவர் என் சித்தப்பா. குடிநீர்ப் பிரிவில் தெருத்தெருவாக வால்வு திறந்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரில் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "எங்க போனாலும் மட்டம் என்னன்னு கேளுப்பா. மத்த பேச்செல்லாம் அப்புறம்."

கூடலூர் தாண்டி, குமுளி மலைச்சாலை ஏறுவதற்கு முன்னால் லோயர் கேம்ப். மலைச்சரிவில் நான்கு பெரிய குழாய்கள் மேலிருந்து கீழே இறங்குவது தூரத்திலேயே தெரிகிறது. பெரியாற்றுத் தண்ணீர் மேலே சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி, இந்தக் குழாய்களில் விழுந்து மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு முல்லையாறாக வைகையை நோக்கி ஓடுகிறது. 1895 வரை இதே தண்ணீர் மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி அதை இந்தப் பக்கம் திருப்பிய பொறியாளர் பென்னிகுவிக்குக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிற ஊர்க்காரர்களிடம் பேசும்போது ஏதோ பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசுகிற தொனிதான்.

முல்லைப் பெரியாறு என்றால் எல்லோருக்கும் 142 அடி ஞாபகம் வரும். 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த மட்டம் அது. சித்தப்பா கேட்கச் சொன்னது வேறொரு மட்டம்: 104 அடி. அணையில் தண்ணீர் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்கு ஏறாது. அதற்குக் கீழே எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு சொட்டு வராது. கல்லும் சுண்ணாம்பும் போட்ட காலத்தில் எடுத்த முடிவு, நாலைந்து தலைமுறை கடந்தும் அப்படியே நிற்கிறது.

இங்கிருந்துதான் மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் குழாயில் கொண்டுபோகும் திட்டம் போட்டார்கள். 2020-இல் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு 1,295 கோடி ரூபாய். இங்கே எடுத்துப் பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து நகருக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த ஆற்றை நம்பி இருக்கிறது. டீக்கடையில் ஒருவர் சுருக்கமாகச் சொன்னார்: "மதுரைக்குத் தண்ணி வேணாம்னு நாங்க சொல்லலண்ணே. ஆத்துல விட்டு வைகை அணையில எடுத்துக்கங்கன்னுதான் சொன்னோம். ஆத்துல போனா எங்க கிணறும் ஊறும்ல?"

மாநகரத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆற்றில் விட்டால் வழியில் வற்றும், ஊர்ச் சாக்கடை கலக்கும், கோடையில் பாதி மணலுக்குள் போகும். குழாயில் வந்தால் சுத்திகரிக்கிற வேலை குறைவு. சித்தப்பா இரண்டையும் கேட்டுவிட்டு, "குழாயில போனா கணக்கு சுத்தமா வரும். ஆத்துல போனா வழியில நாலு பேரு குடிப்பான்" என்றார். எந்தக் கட்சி என்று அவர் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், அந்த நாலு பேர் குடிக்கிற தண்ணீரை "இழப்பு" என்ற கட்டத்தில் எழுதுவதுதான் தகராறின் வேர்.

செவ்வாய், வைகை அணை

இரண்டு கரையிலும் பூங்கா, நடுவில் சிறு பாலம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கிய பேருந்துகள், மசாலா தடவி அடுக்கி வைத்த மீன். 1959 ஜனவரியில் காமராஜர் திறந்துவைத்த அணை. கட்டுமானத்தின் உயரம் 111 அடி, தண்ணீர் தேக்குவது 71 அடி வரை.

நான் மீன் கடையிலேயே நின்றுவிடப் பார்த்தேன். சித்தப்பா விடவில்லை. மட்டத்தைக் காட்டத்தான் வந்தார். "66 வந்தா கரையோர ஊருகளுக்கு முதல் எச்சரிக்கை. 68.5ல ரெண்டாவது. 69ல மூணாவது. எங்க ஆபீஸ்ல இதைக் கேட்டுக்கிட்டுத்தான் மத்த வேலை."

இந்த எண்ணில் ஒரு ஏமாற்று இருக்கிறது. அணை கட்டிய நாளிலிருந்து வருசநாட்டு மலையின் மண் வண்டலாக வந்து அடியில் படிந்துகொண்டே இருக்கிறது. அளவுகோலில் 60 அடி என்று எழுதியிருந்தால் அன்றும் 60 அடி, இன்றும் 60 அடி. ஆனால் அந்த 60 அடிக்குள் நிற்கிற தண்ணீர் அன்றைக்கு இருந்த அளவு இல்லை. நாளிதழில் மட்டத்தைப் பார்த்து "போன வருஷத்தைவிட ரெண்டு அடி கூட" என்று மகிழ்கிற நமக்கு இது உறைப்பதில்லை. தூர்வார வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு கோடையிலும் வரும், மழை விழுந்ததும் போய்விடும். நிலத்தில் கொட்டினால் உரமாகும் வண்டல் அது. யார் செலவில் எடுப்பது, எங்கே கொட்டுவது, எவ்வளவு நாளில் திரும்பவும் படியும் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் இயந்திரத்தை இறக்கினாலும் பயனில்லை. மலையில் மண் அரிக்காமல் இருக்கிற வேலையைச் செய்யாமல் அணையில் மண் எடுப்பது முடிவில்லாத செலவு.

இன்னொரு கணக்கு போட்டோம். குடிநீருக்கு அணையிலிருந்து விநாடிக்கு 69 கன அடி என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அது நாளொன்றுக்குச் சுமார் 17 கோடி லிட்டர். இருபோகப் பாசனத்துக்கு, 45,041 ஏக்கருக்கு, ஜூனில் திறப்பது விநாடிக்கு 900 கன அடி. அதாவது பதின்மூன்று மடங்கு. ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) தண்ணீரைக் குடிநீருக்கு மட்டும் 69 கன அடி வீதம் விட்டால் ஐந்தரை மாதம் வரும். ஆவியாவதைச் சேர்க்காத கணக்கு இது. ஆக, அணை நிறைந்த ஆண்டில் குடிநீருக்குப் பஞ்சம் வர வழியே இல்லை. காய்ந்த ஆண்டில், கடைசி ஒரு டி.எம்.சி.யை எப்போது தொடாமல் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. அதை மார்ச்சில் முடிவு செய்தால் நெற்பயிர் போட்டவன் திட்டுவான். மே மாதம் முடிவு செய்தால் நகரமே திட்டும். பயிர் போடுவதற்கு முன்பே, ஐப்பசி மழையின் கடைசியில் உட்கார்ந்து பேசி அறிவித்தால் இரண்டு திட்டும் குறையும்.

அணைக்கு வந்துவிட்டு தெர்மாகோலைப் பற்றி எழுதாமல் விட முடியுமா? 2017 ஏப்ரலில், தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க என்று, அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை டேப்பால் ஒட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். காற்று அடித்துக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் எழுப்பிய கேள்வி சரியானது. கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால், ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பிலிருந்து மட்டும் 50 லட்சம் லிட்டர் போய்விடும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் 2015-இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கருப்பு பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்கள். அந்தப் பந்துகளைச் செய்வதற்கே எவ்வளவு தண்ணீர் செலவானது என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். அங்கேயும் கணக்கு பிறகுதான். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊருணியில் ஒரு மாதம் போட்டுப் பார்த்திருந்தால் காற்று என்ன செய்யும் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

அணை மீன் வறுவல் நன்றாக இருந்தது. காரம் கொஞ்சம் தூக்கல்.

புதன், உசிலம்பட்டிப் பக்கம்

58 கிராமக் கால்வாய். வைகை அணையிலிருந்து உசிலம்பட்டி வட்டாரத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று மக்கள் பல பத்தாண்டு கேட்டு, போராடி, வாங்கிய கால்வாய். 2018-இல் சோதனை ஓட்டம் விட்டார்கள். பள்ளத்தைத் தாண்டுகிற இடத்தில் தூண்கள் மேல் நிற்கும் தொட்டிப்பாலம் பார்க்க வேண்டிய ஒன்று. கீழே மானாவாரி நிலம், ஆடு மேய்கிறது, தலைக்கு மேலே கால்வாய்.

ஆனால் அணையில் 67 அடிக்கு மேல் ஏறினால்தான் இந்தக் கால்வாய்க்குத் தண்ணீர். நிறைமட்டம் 71. ஆக, இவர்களுக்கு மேலே உள்ள நாலு அடிதான் பாத்தியம், அதுவும் அந்த ஆண்டு மழை ஏற்றிவிட்டால். கீழே கிடக்கிற 67 அடித் தண்ணீரும் இவர்கள் கண்ணுக்கு முன்னால் வேறு ஊருக்குப் போகும்.

கண்மாய்க் கரையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இப்ப அணையில எம்புட்டு இருக்கு தம்பி?"

"63 அய்யா."

"இன்னும் நாலு அடி." அவர் சிரித்தார். "எம் பேரன் பிறந்ததுல இருந்து இந்த நாலு அடியைத்தான் எண்ணிக்கிட்டு இருக்கேன்."

திட்டம் போட்டவர்களைக் குறை சொல்வது எளிது. மேட்டு நிலத்துக்குத் தானாகப் பாய வேண்டுமென்றால் கால்வாயின் தலை உயரத்தில்தான் இருக்க முடியும். கீழேயிருந்து எடுப்பது என்றால் பம்ப் வேண்டும். ஆயிரம் லிட்டரை நூறு மீட்டர் ஏற்ற, 70 சதவீதத் திறனுள்ள பம்புக்கு ஏறக்குறைய 0.4 யூனிட் மின்சாரம். கேட்கச் சின்னதாகத் தெரியும். கண்மாய் கண்மாயாக நிரப்பும்போது, ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பில்லை யார் கட்டுவது? பம்ப் வைத்த எத்தனையோ திட்டங்கள் மோட்டார் காயில் எரிந்த இடத்தில் நின்றிருக்கின்றன. தானாகப் பாய்கிற தண்ணீர் வராத வருஷமும் உண்டு, ஆனால் கால்வாய் கெட்டுப்போகாது. என் கட்சி இதில் கால்வாய்தான். 67 அடி வந்தால் இவர்களுக்கு இத்தனை நாள், மற்றவர்களுக்கு இத்தனை நாள் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார வேண்டியதில்லை.

வியாழன், பேரணை, சோழவந்தான்

பேரணையில் வைகையை மறித்துப் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குத் திருப்புகிறார்கள். இங்கிருந்துதான் மேலூர் வரை போகிறது. ஒருபோகம் மட்டும் 1,05,002 ஏக்கர். அணைப்பட்டி அனுமார் கோயிலில் கும்பிட்டுவிட்டு சோழவந்தான் வந்தோம். தென்னந்தோப்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். சித்தப்பா ஒரு கவுளி வெற்றிலை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

ஆற்றுக்குள் இறங்கி நின்றால் ஒன்று தெரியும். மணல் எடுத்து எடுத்து ஆற்றின் மட்டம் கீழே போய்விட்டது. பழைய வாய்க்கால்களின் தலை அதே இடத்தில், மேலே நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலுக்கு ஏறுவதில்லை. இந்த மட்டத்தை எந்தப் பொறியாளரும் முடிவு செய்யவில்லை. லாரி லாரியாக முடிவானது.

இந்த மணல்தான் மதுரைக்குத் தண்ணீர்த் தொட்டியும். கோச்சடை, மேலக்கால், மணலூர் என்று ஆற்றுக்குள் பல இடங்களில் உறைகிணறு போட்டு, மணலில் ஊறி வடிகட்டிய தண்ணீரை நகருக்கு எடுத்திருக்கிறார்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்க அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது, குடிக்கிற தண்ணீரை ஆற்றில் விடுகிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. அதில் ஒரு பங்கு மணலில் ஊறி இந்தக் கிணறுகளுக்கே வந்து சேரும். அழகர் சும்மா இறங்குவதில்லை.

வெள்ளி, மதுரை

ஊருக்குள் வந்தாயிற்று. இனி மட்டம் அடியில் இல்லை, அங்குலத்தில்.

வைகையின் வடகரையில், சித்தப்பா முன்பு வேலை பார்த்த தெருக்களில் காலையிலேயே நடந்தோம். ஒரு வீட்டு வாசலில் சிமென்ட் மூடி. திறந்தால் இடுப்பளவு குழி. குழிக்குள் குழாய். தெரு மட்டத்தில் தண்ணீர் ஏறாது என்பதால், வீட்டுக்கு வீடு பள்ளம் தோண்டிக் குழாயைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். ஒரு அக்கா குழிக்குள் இறங்கி நின்று குடத்தை நிரப்பி மேலே தூக்கிக் கொடுக்க, மகள் வாங்கி உள்ளே கொண்டுபோனாள். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் அரை அடி ஆழமாகத் தோண்டினால் இந்த வீட்டுக்கு வருகிற தண்ணீர் அங்கே போய்விடும். அப்புறம் இவர்களும் தோண்ட வேண்டும். வசதி உள்ளவர் மோட்டாரையே லைனில் மாட்டி உறிஞ்சுவார். அது சட்டப்படி குற்றம். மாட்டினால் பறிமுதல். ஆனால் ஒரு வீட்டில் மாட்டினால் தெரு முழுக்க மாட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிடும்.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், சில மணி நேரம். மிச்ச நேரம் குழாய் காலி. காலியான குழாய் சும்மா இருக்காது. வெடிப்பு இருக்கிற இடத்தில் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுமுறை வால்வு திறந்ததும் முதல் இரண்டு குடம் கலங்கலாக வருவதற்கு இது ஒரு காரணம். வீட்டுக் குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. சித்தப்பா அந்தக் காலத்தில் சின்னச் சோதனைக் குப்பியில் இரண்டு சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பாராம். "கடைசி வீட்டுல பாக்கணும். டேங்க்குக்குக் கீழ பாத்தா எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும்."

ஒழுகலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டேன். ஒரு முக்கில் நின்று வால்வுக் குழியின் மூடியைக் கொக்கியால் தூக்கினார். இப்போது அங்கே வேலை செய்பவர் பழைய பழக்கத்துக்காகச் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். நீளமான இரும்புக் கம்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு முனையை வால்வின் மேல் வைத்து, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொண்டார். என்னையும் கேட்கச் சொன்னார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம், தூரத்தில் யாரோ விடாமல் "உஸ்ஸ்" என்பது போல. "இது ஓட்டம் இல்ல. ஒழுகல். ஓட்டம் கொஞ்சம் கனமாக் கேக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா சுத்தமாக் கேக்கும்" என்றார். இடம் எங்கே என்று இரண்டு வால்வுக்கு இடையில் நடந்து நடந்து குத்துமதிப்பாகக் காட்டினார். வேலை செய்பவர் குறித்துக்கொண்டார். தோண்டுவார்களா என்று தெரியாது. ரோடு போட்டு ஆறு மாதம்தான் ஆகிறதாம்.

நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினால் நாளைக்கு 1,440 லிட்டர். ஒருவருக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுப்படி பத்துப் பேருக்குப் போதும். குடிநீர் அமைப்பில் கணக்கில் வராமல் போகும் தண்ணீர் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு அளவு. லோயர் கேம்ப் திட்டத்தின் 12.5 கோடி லிட்டரில் அந்த அனுமதித்த 15 சதவீதமே 1.87 கோடி லிட்டர். சுமார் 1.39 லட்சம் பேர் குடிக்கிற தண்ணீர். அனுமதித்த அளவே இவ்வளவு என்றால், அதற்கு மேல் ஒழுகுகிற ஒவ்வொரு சதவீதத்தையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். பள்ளத்தாக்கு விவசாயியிடம் "உங்கள் ஆற்றில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறோம்" என்று கேட்கப் போவதற்கு முன், இந்தக் கம்பியை எடுத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை தெரு நடந்தோம் என்று சொல்ல முடிய வேண்டும். திட்டத்துக்கு நான் எதிரி இல்லை. 2011-இல் 72 வார்டு 100 வார்டு ஆனபோது சேர்ந்த பகுதிகளுக்குக் குழாயே பாதி இல்லை, தண்ணீர் வேண்டும்தான். ஆனால் வரிசை மாறிவிட்டது.

மதியம் செல்லூரில் சாப்பாடு. 2024 அக்டோபர் மழையில் இந்தப் பகுதி வெள்ளத்தில் நின்றது. குடிக்கத் தண்ணீருக்குக் குழிக்குள் இறங்குகிற ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. கண்மாயிலிருந்து வைகைக்கு உபரி நீர் போக வழி போதாமல் வந்த வினை.

சனி, தெப்பக்குளம்

திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம். நான் பள்ளியில் படித்தபோது உள்ளே கிரிக்கெட் ஆடினோம். தைத் தெப்பத்துக்கு மட்டும் எப்படியோ தண்ணீர் நிரப்புவார்கள். வைகையிலிருந்து பனையூர்க் கால்வாயைச் சுத்தம் செய்து, குளத்துக்கு வரும் பாதையைச் சரிசெய்த பிறகு தானாகவே தண்ணீர் வருகிறது. சில ஆண்டுகளாகக் குளம் தளதளவென்று நிற்கிறது. புது அணை இல்லை, புதுக் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை. நாயக்கர் காலத்து மட்டம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இடையில் அடைத்தது நாம்.

மாலையில் படியில் உட்கார இடம் இல்லை. சுண்டல், பஜ்ஜி, குதிரைச் சவாரி. சுற்றியுள்ள தெருக்களில் ஆழ்குழாயில் தண்ணீர் மேலே வந்துவிட்டது என்று சுண்டல்காரர் உட்பட எல்லோரும் சொல்கிறார்கள்.

ஞாயிறு, மேலூர்ப் பக்கம்

பெரியாற்றுக் கால்வாயின் கடைமடை. லோயர் கேம்ப்பில் பார்த்த தண்ணீரின் கடைசி வாய். சித்தப்பாவின் சம்பந்தி வீட்டு ஊர் என்பதால் வரவேற்பும் கோழிக்குழம்பும் பலமாக இருந்தன.

கண்மாய் முக்கால் அளவு. மூன்று மடை. தண்ணீர் நிறைய இருந்தால் மூன்றையும் திறப்பார்கள். குறைந்தால் மேல்மடையில் ஏறாது, பள்ளமடையில் மட்டும் பாயும். அப்படிப்பட்ட ஆண்டில் பள்ளமடைக்காரர் மட்டும் விளைவிக்க முடியாது. மேல்மடைக்காரருக்கும் பள்ளமடைப் பாத்தியத்தில் பங்கு பிரித்துக் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். நீர்பாய்ச்சிதான் முறை வைத்துத் திருப்பிவிடுவார். அவருக்குக் கூலி அறுவடையில் நெல்லாக.

கண்மாய் நிறைந்தால் உபரி நீர் வழிகிற கலுங்கில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். கலுங்கு மட்டத்தை ஒரு முழம் உயர்த்தினால் ஒரு மாதத் தண்ணீர் கூடும். ஆனால் கண்மாயின் மேல்பக்கம், உள்வாயை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களின் பயிர் மூழ்கும். இது தமிழ்நாட்டுக் கண்மாய் தோறும் நடக்கிற சண்டை. ராத்திரியில் ஒரு கோஷ்டி அடுக்கும், இன்னொரு கோஷ்டி பிரிக்கும்.

"இங்க சண்டை வராதா மாமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"வராம என்ன. போன தடவை மண்டை ஒடைஞ்சுச்சு. அப்புறம் கூட்டம் போட்டுப் பேசுனோம். ரெண்டு வரிசை மூட்டைதான். கார்த்திகை பாதிக்கு மேல மழை விடாமப் பெஞ்சா, உள்வாய்க்காரங்களே வந்து ஒரு வரிசையை எடுத்துரலாம். யாரும் கேக்கக் கூடாது. அடுத்த வருஷம் திரும்பக் கூடிப் பேசிக்கிறது."

சித்தப்பா இறங்கிப்போய் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். இரண்டு வரிசைதான் இருந்தது. "சிமென்ட் போட்டுப் பூசிறலாமேன்னு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

"சொன்னாங்க மச்சான். கான்ட்ராக்டரே வந்தாரு. வேணாம்னுட்டோம். பூசிட்டா அப்புறம் எதைப் பேச?"

மதுரையிலிருந்து மேலூருக்கு மாட்டுத்தாவணியில் அடிக்கடி பேருந்து இருக்கிறது. கண்மாய் பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகை, மார்கழி. கோடையில் போனால் கருவேலமரம்தான்.